புதுப்பிப்பு: பிரான்சில் துலூஸ் முதல் செட் நகரம் வரை சைக்கிளில்

பிரான்சில் சைக்கிளில் சுற்ற லுவார் நதிக்கரை நல்லதா, தெற்கே துலூஸிலிருந்து செட் வரை போகும் கனால் து மிதி கால்வாய்க்கரை நல்லதா, அங்கே மெல்லிய டயர் தாங்குமா என்று போன வசந்தத்தில் கேட்டிருந்தேன். பலரும் லுவார் என்றீர்கள். நான் கால்வாய்க்கே போய் வந்தேன்.

டயர் விஷயம் முதலில். மொத்தம் 240 கி.மீ. துலூஸிலிருந்து சுமார் 50 கி.மீ. வரை வழவழப்பான தார்ப்பாதை. ஓத் மாவட்டத்துக்குள் நுழைந்தபின் பல இடங்களில் சரளை, மண், புடைத்து நிற்கும் மரவேர்கள். அகலமான டயர் இல்லாமல் போகாதீர்கள். மழை பெய்தால் சேறு வேறு.

நிழலையும் அதிகம் நம்ப வேண்டாம். கரையோரம் நிழல் தரும் பிளேன் என்ற பெரிய மரங்களில் 2006-ல் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. மருந்தில்லை, ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். மொட்டையான கரையில் மதிய வெயில் மண்டையைப் பிளக்கிறது. புதுக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள், வளரட்டும்.

கிழக்கு நோக்கிப் போனால் ஓதில் வீசும் மேற்குக் காற்று முதுகைத் தள்ளும். பெசியே நகருக்கு அருகே, படிக்கட்டு போல அடுக்கடுக்காக அமைந்த ஃபோன்செரான் மதகுகளில் படகுகள் 21 மீட்டர் ஏறி இறங்குவதைப் பார்க்க அரைநாள் ஒதுக்குங்கள். 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது! கார்க்கசோன் கோட்டையில் கூட்டம்தான்.

அடுத்து லுவார்தான், சரி.