மறுமொழி: காற்றமுக்கியின் ‘டியூட்டி சைக்கிளை’த் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

டெக்சாஸில் வீட்டூர்தி (மோட்டார் ஹோம்) வைத்திருக்கும் நம் நண்பர், அதன் டயர்களுக்குக் காற்றடிக்கும் கையடக்கக் காற்றமுக்கியை (ஏர் கம்ப்ரசரை) பார்த்து வாங்குவது எப்படி என்று தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறார். ‘டியூட்டி சைக்கிள்’ என்ற இடத்தில் அவர் பேனா நின்றுவிட்டது. இதுவரை வந்த மடல்களில் ‘பணிச்சுழற்சி’, ‘கடமைச் சுழற்சி’, ‘வேலைச்சுற்று’ என்னும் மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றுமே மூலச்சொல்லை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டையும் பெயர்த்து ஒட்டியவை. பெட்டியின் மேல் ‘33 விழுக்காடு’ என்று அச்சிட்டிருப்பது எதன் விழுக்காடு என்பதை அவற்றில் ஒன்றும் வாங்குபவருக்குச் சொல்லவில்லை. இவற்றுக்கு மாற்றாக ‘ஓடுபங்கு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

மற்றச் சொற்களில் எனக்குப் பெரிய வழக்கில்லை. ‘காற்றமுக்கி’ ஏற்கெனவே புழங்குகிறது, ‘வீட்டூர்தி’ கேட்டவுடன் விளங்குகிறது, டயரை டயராகவே விட்டுவிடலாம். ‘துருத்தி’யை மீட்கலாமே என்று தேவகோட்டை நண்பர் எழுதியிருந்தார். சங்கப் பாட்டின் ‘மிதிதோல்’ வரைக்கும் நீளும் மரபு அதற்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் துருத்தியின் வேலை உலைத்தீயை ஊதுவது. 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) அழுத்தத்தில் எதிர்த்து நிற்கும் டயருக்குள் காற்றைத் திணிப்பது அதன் வேலையன்று.

இனி விவாதத்துக்குரிய எண்ணைப் பார்ப்போம். காற்றை அமுக்கினால் அது சூடாகும். அந்தச் சூடு உருளைக்கும் பித்தளை இணைப்புக்கும் மோட்டார்ச் சுருளுக்கும் ஏறும். ஆகவே சிறிய காற்றமுக்கி குறிப்பிட்ட நேரம் ஓடியபின் ஆறியே ஆகவேண்டும். ஓடும் நேரத்தையும் ஆறும் நேரத்தையும் சேர்த்த மொத்த நேரத்தில் ஓடும் நேரம் எவ்வளவு பங்கு என்பதைத்தான் அந்த விழுக்காடு சொல்கிறது. 33 விழுக்காடு என்றால் 10 நிமிடம் ஓட்டிவிட்டு 20 நிமிடம் ஆறவிட வேண்டும் என்று ஏறத்தாழக் கொள்ளலாம். அது ஒரு பங்கேயன்றிச் சுழற்சி அன்று. ‘பணிச்சுழற்சி 33 விழுக்காடு’ என்று படிப்பவர் சுழற்சியில் மூன்றில் ஒன்று எப்படி என்று விழிப்பார்; ‘ஓடுபங்கு 33 விழுக்காடு’ என்று படிப்பவர் மீதி 67 ஓய்வு என்று தாமே கணக்கிட்டுக்கொள்வார்.

நம் ஊர்க் காருக்கு இந்த எண் பெரிதாகத் தேவைப்படாது. 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை வைத்துக்கொள்ளும் நான்கு டயர்களுக்குச் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு கருவியே போதும். வீட்டூர்தியின் நிலை வேறு. அமெரிக்காவில் பக்கச்சுவரில் ‘இ’ சுமைவகை என்று பொறித்து வரும் இலகு சரக்குந்து டயரின் உச்ச அழுத்தம் பொதுவாக 80 பிஎஸ்ஐ. பேருந்து அளவிலான வீட்டூர்திகளில் வரும் ‘ஜி’ வகைக்கு 110. பின்னச்சில் இரட்டைச் சக்கரம் என்றால் டயர்கள் மொத்தம் ஆறு. ஒரு டயரின் உட்கொள்ளளவு 60 லிட்டர் என்றும், அழுத்தத்தை 65இலிருந்து 80 பிஎஸ்ஐக்கு ஏற்ற வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 15 பிஎஸ்ஐ ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் என்பதால், டயரின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று, அதாவது 60 லிட்டர், உள்ளே போகவேண்டும். ஆறு டயருக்கும் சேர்த்து 360 லிட்டர் ஆகிறது. அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் தரும் கருவி 12 நிமிடம் ஓடினால் போதும். ஓடுபங்கு 33 விழுக்காடு என்றால் இடையில் ஒருமுறை ஆறவிட்டு 32 நிமிடத்தில் வேலை முடியும். நிமிடத்துக்கு 8 லிட்டர் மட்டும் தரும் கருவியோ 45 நிமிடம் ஓடவேண்டும். அதே ஓடுபங்கில் நான்கு முறை ஆறவிட்டு முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இரண்டு பெட்டியிலும் ‘150 பிஎஸ்ஐ’ என்று ஒரே எண் கொட்டை எழுத்தில் இருக்கக்கூடும் என்பதுதான் வேடிக்கை. அது எட்டக்கூடிய உச்ச அழுத்தம் மட்டுமே. உச்சத்தை நெருங்க நெருங்கக் காற்றின் வரத்து குறைந்துகொண்டே போகும்.

இங்கே செக்காலைப் பக்கம் ஒரு பஞ்சர்க் கடையில், சுவரோரம் சிவப்புத் தொட்டியும் அதன்மேல் இரட்டை உருளையும் பெல்ட்டுமாக ஒரு காற்றமுக்கி நிற்கிறது. தொட்டி நிறைந்ததும் ‘புஸ்’ஸென்று மூச்சுவிட்டு மோட்டார் தானே நின்றுவிடும், அழுத்தம் இறங்கினால் மறுபடி ஓடும். ஓய்வைத் தொட்டியே பார்த்துக்கொள்வதால் கடைக்காரருக்கு இந்தச் சொல் வேண்டியதில்லை. தொட்டியில்லாத கையடக்கக் கருவியிலோ காற்றுப் போகும் நேரமெல்லாம் மோட்டாரும் ஓடியாக வேண்டும். கார்க்காரர் ஒருவர் கொண்டுவந்த அப்படிப்பட்ட கருவியின் குழாய் முனையைத் தொட்டுப் பார்த்து, வெடுக்கென்று விரலை எடுத்துக்கொண்டு, அதே கடைக்காரர் “கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துங்கண்ணே, மூச்சு வாங்குது” என்றார். மோட்டாருக்கு நம் மக்கள் இயல்பாகப் பயன்படுத்தும் வினை ‘ஓடு’ என்பதால்தான் ‘இயங்குபங்கு’ என்ற மாற்றை நான் விரும்பவில்லை.

ஒரு தடையை நானே எழுப்பிக்கொள்கிறேன். செட்டிநாட்டில் ஓடும் பங்கும் சேர்ந்து காதில் விழுந்தால், முப்பாட்டன் கட்டிய வீட்டின் கூரையோட்டில் எந்தப் பங்காளிக்கு எவ்வளவு என்ற பஞ்சாயத்துத்தான் நினைவுக்கு வரும். ஆனால் கூரையோட்டில் பங்கு என்றால் அது ‘ஓட்டுப்பங்கு’ என்று ஒற்று இரட்டித்து வரும். இது ஊறுகாய், சுடுசோறு, இயங்குதளம் போல வினைத்தொகை. இங்கே வல்லினம் மிகாது. மூன்று காலத்துக்கும் பொருந்துவதும், விகுதி சுமக்காமல் சுருக்கமாக நிற்பதும் வினைத்தொகையின் வசதி. எழுதும்போது ‘ஓடுப்பங்கு’ என்று யாரும் ஒற்றைச் செருகிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பற்றவைப்பு எந்திரத்துக்கும் இச்சொல் பொருந்துமா என்று கேட்டிருந்தார்கள். நன்றாகவே பொருந்தும். அங்கே 10 நிமிடத்தை அடிப்படையாகக் கொள்வது வழக்கம். 60 விழுக்காடு என்றால் 6 நிமிடம் பற்றவைத்து 4 நிமிடம் விடவேண்டும். மின்னணுவியலில் துடிப்பலைகளுக்கு இதே மூலச்சொல் வருகிறது. அலை ஓடுவதில்லை, ஓய்வதுமில்லை. அத்துறையினர் ‘பணிச்சுழற்சி’யைத் தொடர்ந்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஒரே மூலச்சொல்லுக்கு எல்லாத் துறையிலும் ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்ற பிடிவாதத்தால் நம் பட்டியல்களில் முடங்கிக் கிடக்கும் சொற்கள் கொஞ்சமல்ல.

கையேட்டில் இச்சொல் தனியே நிற்கக் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். தயாரிப்பாளர்கள் ஓடுபங்கைக் குறிப்பிட்ட அழுத்தத்துக்கும் குறிப்பிட்ட சுற்றுப்புற வெப்பத்துக்கும் அளந்து தருகிறார்கள்; 100 பிஎஸ்ஐ, 22 டிகிரி செல்சியஸ் என்பது பலரும் தரும் அடிப்படை. டெக்சாஸ் கோடையிலோ நம் சித்திரை வெயிலிலோ அந்தப் பங்கு அப்படியே கிடைக்காது. எனவே சொற்பட்டியலில் பின்வருமாறு பதியலாம் என்று கருதுகிறேன்:

ஓடுபங்கு (பெயர்ச்சொல்): குறிப்பிட்ட அழுத்தத்திலும் சுற்றுப்புற வெப்பத்திலும், ஓடும் நேரமும் ஆறும் நேரமும் சேர்ந்த மொத்த நேரத்தில், ஒரு பொறி பழுதின்றி ஓடக்கூடிய நேரத்தின் விழுக்காடு.

அத்துடன், மின்னோட்டம் பற்றியும் நண்பர் இரண்டு வரி சேர்க்கவேண்டும். சிகரெட் லைட்டர் துளையின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர் வரைதான். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. வீட்டூர்திக்கு ஏற்ற கருவிகள் 30 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுப்பவை என்பதால், அவற்றை பேட்டரி முனைகளில் நேராகக் கவ்வவைத்து, எஞ்சினை ஓடவிட்டே பயன்படுத்தவேண்டும். பேட்டரியிலிருந்து பின்னச்சின் உட்சக்கர வால்வு வரை குழாய் எட்டுகிறதா என்பதையும் வாங்குமுன் அளந்துகொள்ளச் சொல்லுங்கள்.

சூடு மிஞ்சினால் தானே நிறுத்திக்கொள்ளும் உறுப்புக்கு ‘வெப்பவெட்டி’ என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். அது வெப்பத்தை வெட்டுவதில்லை, மின்சாரத்தைத்தான் வெட்டுகிறது. அதைத் தனி இழையில் பேசலாம்.