புதுப்பிப்பு: கார்ப்பெட்டில் கொட்டிய நெயில் பாலிஷ் போய்விட்டது

ஹாலில் விரித்திருக்கும் வெளிர்நிற நைலான் கார்ப்பெட்டில் அக்கா மகள் சிவப்பு நெயில் பாலிஷைக் கொட்டி, அது காய்ந்தும் போனதே, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, அசிட்டோன் (பாலிஷைக் கரைக்கும் கடுமையான திரவம்) இல்லாத நெயில் பாலிஷ் ரிமூவர். முதலில் காய்ந்த பொருக்கைக் கரண்டி விளிம்பால் சுரண்டினேன். அப்புறம் வெள்ளைத் துணியில் ரிமூவரை நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுத்தேன். தேய்த்தால் கறை பரவும். ரிமூவரைக் கார்ப்பெட்டில் நேராக ஊற்றவும் கூடாது. உள்ளே இறங்கினால் அடிப்புறப் பசை இளகிவிடும். அசிட்டோனைச் சிலர் சொன்னீர்கள். நைலான் அதைத் தாங்கும், ஆனால் அசிட்டேட் என்ற வேறு வகை இழை என்றால் கரைந்தே போகும். எதுவானாலும் சோபாவுக்கு அடியில் மறைவான மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

எதிர்பாராதது: பாலிஷ் போன பிறகும் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் நின்றது. அதைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்தான் எடுத்தது. ஹேர் ஸ்பிரே பிசுபிசுப்பைத்தான் தந்தது, சோப்புத் தண்ணீரில் அதையும் துடைக்க வேண்டியதாயிற்று.

ரிமூவர், ஸ்பிரிட் இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ வேண்டாம்.