சாயத் தண்ணீர் பாய்ந்த நிலத்துக்கு உயிர்க்கரி போடலாமா?

நொய்யல்கரை:
எல்லோருக்கும் வணக்கம். நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்களுக்கு இரண்டரை ஏக்கர் இருக்கிறது. 1992-ல் பாசனத்துக்கென்று திறந்த அணை, தேங்கியதோ திருப்பூர்ச் சாயத் தண்ணீர். அப்பா காலத்தில் மஞ்சள் போட்ட பூமியில் இப்போது தென்னை மட்டும் நிற்கிறது, காயும் சிறுத்துவிட்டது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடினார்கள். அதன் பிறகு ஆற்றில் நிறம் குறைந்தது, ஆனால் கிணறு மாறவில்லை. போன வாரம் மீட்டர் வைத்துப் பார்த்தேன், டி.டி.எஸ். (ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு முதலியவற்றின் அளவு, மில்லிகிராமில்) 2,900. பாத்தி காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூக்கிறது.

ஒருவர் வீடு தேடி வந்து, ஏக்கருக்கு 2 டன் பயோசார் (உயிர்க்கரி, அதாவது மரம், ஓடு போன்றவற்றைக் காற்றுக் குறைவாக எரித்துச் செய்யும் கரி) போட்டால் மண்ணில் இருக்கிற உப்பு முழுவதையும் உறிஞ்சிவிடும், மூட்டை கட்டிக் கிணற்றில் இறக்கினால் தண்ணீரும் சுத்தமாகிவிடும் என்கிறார். கிலோ 30 ரூபாய். மொத்தம் ஒன்றரை லட்சம். நகையை வைத்துத்தான் புரட்ட வேண்டும். போடலாமா?

கரிமூட்டம்:
அக்கா, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நான் முதுகுளத்தூர்ப் பக்கம். இரண்டு தலைமுறையாகச் சீமைக்கருவேலத்தில் மூட்டம் போடுகிற வீடு. கரி விற்றுப் பிழைக்கிறவன்தான் சொல்கிறேன்: கரி உப்பை எடுக்காது.

போன வருடம் என் வீட்டுக் கொல்லையில் செய்து பார்த்தேன். 200 லிட்டர் டிரம்மில் அடியில் ஜல்லி, மேலே மணல், அதற்கும் மேலே ஒரு முழ உயரத்துக்குக் கழுவாத கரித்தூள். ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து, இரண்டு கைப்பிடி உப்பும் போட்டு மெதுவாக ஊற்றினேன். கீழே குழாயில் வந்த தண்ணீரில் நீலம் துளிகூட இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் அதே உப்பு. மீட்டரில் முன்பைவிடக் கொஞ்சம் ஏறியே காட்டியது. கரியில் ஒட்டியிருக்கிற சாம்பல் கரைந்து அதுவும் சேர்ந்துகொள்கிறது.

கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். சாயம், பூச்சிமருந்து, ஈயம், காட்மியம் போன்றவை அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்ளும். உப்பில் இருக்கிற சோடியமும் குளோரைடும் அப்படி ஒட்டாது, தண்ணீரோடு போய்க்கொண்டே இருக்கும். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள் அல்லவா, உங்கள் கிணற்றில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

பாலாற்றுக்காரன்:
நான் ராணிப்பேட்டை. எங்களுக்கு வந்தது தோல், குரோமேட் தொழில்களின் குரோமியம். அதற்குக் கரி உதவும். தண்ணீரை மஞ்சளாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம்தான் ஆபத்தானது. கரி அதைப் பிடித்து, அவ்வளவாக நச்சில்லாத, எளிதில் கரையாத மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றுகிறது. முதுகலை படிக்கும்போது ஆய்வகத்தில் நானே செய்து பார்த்தேன். அமிலத் தன்மையுள்ள தண்ணீரில் வேகமாக நடந்தது, காரத் தன்மையில் மந்தம். அப்படியும் உலோகம் மண்ணைவிட்டு எங்கும் போய்விடுவதில்லை, பயிருக்கு ஏறாமல் கட்டுப்பட்டு நிற்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் வடிகட்டிய கரியென்றால் அதிலேயே நஞ்சு சேர்ந்திருக்கும். தயவுசெய்து அதை எருக்குழியில் கொட்டிவிடாதீர்கள்.

அக்கா, முதலில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். சோடியம், பி.எச். (அமில-காரத் தன்மை), கன உலோகம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

நொய்யல்கரை:
இருவருக்கும் நன்றி. மண் முடிவு வந்துவிட்டது. பி.எச். 8.7, சோடியம் அதிகம், ஈயமும் காட்மியமும் கவலைப்படும் அளவில் இல்லை. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கொட்டாங்குச்சி மலைபோலக் கிடக்கிறது. அதைக் கரியாக்கித் தென்னைக்கு வைக்கலாமா? அதுவும் வீண் வேலையா?

கரிமூட்டம்:
வீண் இல்லை அக்கா. ஈரத்தைப் பிடித்துவைக்கும், மண் பொலபொலப்பாகும். ஆனால் ஜிப்சம்தான் முதலில். அதிலுள்ள கால்சியம் மண்ணில் ஒட்டியிருக்கிற சோடியத்தைத் தள்ளிவிடும், தள்ளியதை மழைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போக வேண்டும். அதனால் மழைக்கு முன்பே போட்டு, வடிகால் வாய்க்காலையும் வெட்டிவிடுங்கள். வடிகால் இல்லையென்றால் போட்டும் பயனில்லை, உப்பு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கொட்டாங்குச்சிக்கு மூன்றடி ஆழத்தில், மேலே அகன்று அடியில் குறுகிய குழி வெட்டுங்கள். அடியில் கொஞ்சம் போட்டுப் பற்றவையுங்கள். மேலே சாம்பல் வெள்ளையாகப் படர ஆரம்பித்ததும் அடுத்த அடுக்கு. குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுக்க அணைத்துவிடுங்கள். உள்ளே கங்கு இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக எல்லாம் சாம்பலாகிவிடும், எனக்கே இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறது.

உங்கள் மண் ஏற்கெனவே காரம், சாம்பல் அதை இன்னும் ஏற்றும். அதனால் கரியை மழைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, இடித்து, சாணிக் கரைசலில் பதினைந்து நாள் ஊறவிடுங்கள். முதலில் நான்கு மரத்துக்கு மட்டும் வையுங்கள், பக்கத்தில் நான்கு மரத்தைச் சும்மா விடுங்கள். அடுத்த வெட்டில் இரண்டு பக்கத்துக் காயையும் எடைபோட்டு இங்கே எழுதுங்கள், நானும் பார்த்துக்கொண்டிருப்பேன்.