ஒரு டிஸ்க் வரவில்லை என்றால் லினக்ஸ் பூட் ஆவதையே நிறுத்த வேண்டுமா?

கரிசல்பெட்டி: டெபியன் 12 (லினக்ஸில் ஒரு வகை), வீட்டு சர்வர். படங்கள் மட்டும் இருந்த இரண்டாவது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் ஒன்றரை நிமிடம் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஓடுகின்றன, அப்புறம் எமர்ஜென்சி மோடு, அதாவது பூட் பாதியில் நின்று பழுதுபார்க்க மட்டும் இடம் தரும் நிலை. ரூட் கணக்கு (நிர்வாகிக் கணக்கு) பூட்டியிருக்கிறது, என்டர் தட்டு என்கிறது. தட்டினால் திரும்ப அதே வரிதான். சிஸ்டம் எஸ்எஸ்டியில் பத்திரமாக இருக்கும்போது மொத்தப் பெட்டியையும் நிறுத்துவது என்ன நியாயம்?

முனையம்: உள்ளே போக, பூட் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இனிட்=/பின்/பாஷ் சேர்த்து கன்ட்ரோல்-எக்ஸ். ரூட் (இங்கே சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன்) படிக்க மட்டும்தான் மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது இணைந்திருக்கும்; எழுதவும் விடும் ஆர்டபிள்யூ போட்டு ரீமவுண்ட் செய்தபின், எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க் வரியில் நோஃபெயில் (வராவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்வது) சேருங்கள், வேலை முடிந்தது. என்னைக் கேட்டால் எல்லா டேட்டா டிஸ்க்குக்கும் அதுதான் இயல்பாக இருக்க வேண்டும். 2015இல் டெபியன் 8, பூட்டையும் சேவைகளையும் நடத்தும் சிஸ்டம்டிக்கு மாறியதோடு வந்த பிடிவாதம் இது, அதற்கு முன் முணுமுணுத்துவிட்டு மேலே போகும்.

ஈட்டிக்காரன்: கண்ணை மூடிக்கொண்டு நோஃபெயில் போடச் சொல்லாதீர்கள். அது தோல்வியை மன்னிப்பதோடு நிற்பதில்லை, லோக்கல்-எஃப்எஸ் டார்கெட்டுக்கு (பெட்டியின் டிஸ்க்குகள் தயார் என்று பூட் எட்டும் கட்டம்) முன் இந்த மவுண்ட் முடிய வேண்டும் என்ற வரிசையையும் எடுத்துவிடுகிறது, அதாவது டிஸ்க் நன்றாக இருந்தாலும் பூட் அதற்காகக் காத்திருக்காது. பழைய டிஸ்க் சுழலத் தொடங்குவதற்குள் பேக்கப் சேவை கிளம்பி வெறும் ஃபோல்டரில், அதாவது உங்கள் எஸ்எஸ்டியில், எழுத ஆரம்பிக்கும். பிறகு டிஸ்க் அதன்மேல் மவுண்ட் ஆனதும் எழுதியதெல்லாம் அடியில் மறைந்துவிடும். டிஸ்க்கில் மீதி இடம் காட்டும் டிஎஃப் ரூட் நிரம்பிவிட்டது என்று அலறும், ஃபோல்டர்களின் அளவு காட்டும் டியூ போட்டுத் தேடினால் ஒன்றும் சிக்காது. ரூட்டை வேறொரு ஃபோல்டரில் பைண்ட் மவுண்ட் செய்து (இன்னொரு பாதையிலும் தெரியவைத்து) அதற்குள் பார்த்தால்தான் தெரியும்.

முனையம்: அதற்கு மருந்து எமர்ஜென்சி மோடா? வேறு ஊரில், திரையும் கீபோர்டும் இல்லாத சர்வர், ஒரு டிஸ்க் செத்தால் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்கூட எழாது. மவுண்ட் ஆகாத நேரத்தில் காலி ஃபோல்டருக்கு, மாற்ற முடியாதபடி பூட்டும் சிஹெச்ஆட்டர் +ஐ கட்டளையைப் போட்டுவிடுங்கள், ரூட்டாலும் எழுத முடியாது.

ஈட்டிக்காரன்: அது நல்ல தடுப்பு, மறுக்கவில்லை. ஆனால் சேவை எழுத முயன்று விழுந்து எழுந்துகொண்டே இருக்கும். நோஃபெயில் போட்டே தீர வேண்டுமென்றால் அந்த டிஸ்க்கை நம்பும் ஒவ்வொரு சேவையின் யூனிட்டிலும் (சிஸ்டம்டி படிக்கும் அமைப்புக் கோப்பு) ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்று பாதையைச் சொல்லுங்கள். பெட்டி எழும், எஸ்எஸ்ஹெச் வரும், டேட்டாபேஸ் மட்டும் டிஸ்க் வராமல் கிளம்பாது. சேவைகளின் பதிவுகளும் டேட்டாவும் இருக்கும் /வார் தனிப் பார்ட்டிஷன் என்றால் அதில் நோஃபெயில் பேச்சே வேண்டாம், அது இல்லாமல் ஓடுகிற பெட்டியை விட நின்ற பெட்டி மேல்.

இரவுக்காவல்: நடுவில் ஒன்று. எஃப்எஸ்டேபில் எஸ்டிபி1 என்று டிஸ்க்கின் சாதனப் பெயரை எழுதியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஒரு டிஸ்க்கைக் கழற்றினால் அடுத்ததின் பெயர் மாறலாம். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடியை (மாறாத தனி அடையாள எண்) போடுங்கள்.

கரிசல்பெட்டி: ஏற்கெனவே யூயூஐடிதான். நோஃபெயிலும், டிஸ்க்குக்காகப் பத்து நொடி மட்டும் காத்திருக்கச் சொல்லும் எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ் என்பதும் சேர்த்தேன், படம் காட்டும் சேவையில் ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபாரும் போட்டேன். எஃப்எஸ்டேபைச் சரிபார்க்க ஃபைன்ட்மவுண்ட் --வெரிஃபை கொடுத்தால் அந்த யூயூஐடி எட்டவில்லை என்கிறது, டிஸ்க்தான் வெளியே இருக்கிறதே. பெட்டி எழுந்துவிட்டது.

முனையம்: பார்த்தீர்களா, கடைசியில் நோஃபெயில்தான். நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விடவும் அனுமதித்து, பின்னாளில் அதே பாஸ்வேர்டு இருந்தால்தான் திறக்கும் எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய் நிறுத்துவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஈட்டிக்காரன்: அதைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். ரூட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தால் தீர்ந்தது. சேவையில் ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் வரி இல்லாமல் நோஃபெயில் போடுவதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.