'டைபேக்'குக்குத் தமிழ்ல என்ன? நுனிக்கருகலா, உலவையா, பட்டுப்போறதா?

அண்ணாநகர், மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் வணக்கம், அவசரமா ஒரு உதவி வேணும். ஸ்பெயின்ல ஆலிவ் தோப்புங்க காஞ்சு போறதைப் பத்தின ஒரு படத்துக்கு தமிழ் சப்டைட்டில் போட்டுக்கிட்டு இருக்கேன், வேளாண் டிப்ளமோ பசங்களுக்கு வகுப்புல போட்டுக் காட்டப் போறாங்க, திங்கக்கிழமை காலையில ஃபைல் போயாகணும். 'டைபேக்'ங்கற சொல் படம் முழுக்க வருது. மண்ணுல இருக்கற பூஞ்சாணம் வேர் வழியா ஏறி, கொப்பு நுனியில இருந்து கீழ்நோக்கி மரம் காஞ்சுக்கிட்டே வர்றதைத்தான் அப்படிச் சொல்றாங்க. மிளகாய்க்கு 'நுனிக்கருகல்'னு எழுதறாங்கல்ல, இப்போதைக்கு அதையே போட்டு வச்சிருக்கேன். சரிதானா? திரையில ரெண்டு வரிதான் இடம், விளக்கமெல்லாம் எழுத முடியாது. ஆலிவுக்கும் ஆலிவ், ஒலிவம், சைத்தூன், இடலைன்னு நாலு பேரு கண்ணுல படுது, எதைப் போடட்டும்?

ஒத்தக்கடை, பயிர் நோயியல் ஆசிரியர்:

தம்பி, தயவுசெஞ்சு நுனிக்கருகல் போட்டுறாதீங்க. மிளகாய்ல அதை உண்டாக்கறது கொலட்டோடிரைக்கம்ங்கற பூஞ்சாணம், அது மேல இளங்கொப்புல விழுந்து அங்கிருந்து கீழ இறங்கற நோய், மருந்தை மேல தெளிச்சா கேக்கும். உங்க படத்துல வர்றது வெர்டிசிலியம் டாலியேங்கற பூஞ்சாணமாத்தான் இருக்கும். அது வேருக்குள்ள நுழைஞ்சு, தண்ணி ஏத்தற சைலம் குழாய்க்குள்ள வளருது, மரமும் அதைத் தடுக்கப் பாத்து பிசினை விட்டு தன் குழாயைத் தானே அடைச்சுக்குது, மேல தண்ணி போகாம கொப்பு காயுது. நோய் கீழ, அடையாளம் மேல. ரெண்டு நோய்க்கும் ஒரே பேரு வச்சீங்கன்னா அந்த வகுப்புல உக்காந்திருக்கற பையன் நாளைக்கு ஏதோ ஒரு தோட்டத்துல கொப்பு காயறதைப் பாத்ததும் ஸ்பிரேயரைத் தூக்கிருவான். குழாய்க்குள்ள போயிட்ட வெர்டிசிலியத்தை மேல தெளிச்சு விரட்டற மருந்து கிடையாது. அந்த விவசாயிக்கு காசும் போகும் மரமும் போகும்.

இது எவ்வளவு பிடிவாதமான பூஞ்சாணம்னா, செடி மட்குனதுக்கு அப்புறமும் கண்ணுக்குத் தெரியாத கருப்பு முடிச்சா மண்ணுலயே பத்து வருஷத்துக்கு மேல உயிரோட கிடக்கும். அதுக்கு பருத்தி, கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்குன்னு எல்லாமே சாப்பாடு. ஸ்பெயின்ல குவாதல்கிவிர் ஆத்துப் படுகையில முன்னாடி பருத்தி போட்ட நிலத்துல ஆலிவ் நட்டவங்க மாட்டிக்கிட்டது இதனாலதான். 1946லயே இத்தாலியில ஆலிவுல இதைக் கண்டு எழுதிட்டாங்க. வெயில் காலத்துல ஈர மண்ணு மேல கண்ணாடி மாதிரித் தெரியற பாலித்தீன் ஷீட்டை விரிச்சு சூட்டுல கொல்ற முறை இருக்கு, இஸ்ரேல்ல 1976ல ஆரம்பிச்சது. மத்தபடி தாங்கற ரகத்தை நடறதுதான். ஸ்பெயின்ல அதிகம் இருக்கற பிக்குவால் ரகம் சீக்கிரம் விழும், இத்தாலி ஃபிராந்தோயோ தாங்கும். இவ்வளவும் மண்ணையும் வேரையும் சுத்தின கதை, பேரும் அங்கிட்டுத்தான் கை காட்டணும்.

இன்னொண்ணு, படத்துல ஃபைட்டோஃப்தோராங்கற வேரழுகல் கிருமி வந்தா அதை பூஞ்சாணம்னு எழுதாதீங்க. பாக்க அப்படி இருக்குமே ஒழிய அது ஊமைசீட்னு தனிக் கூட்டம், வேற வம்சம்.

திருமங்கலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கருகல் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் புதிதாக ஏன் ஆக்கவேண்டும்? இலையெல்லாம் போய் வற்றி நிற்கும் கொம்புக்குப் பாலைப் பாட்டுக்காரர்கள் 'உலவை' என்று ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உலர், உலறு, உலவை எல்லாம் ஒரே வேர், உலையையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறவன் நான். 'உலவை நோய்' என்று போடுங்கள், உலவை மூன்றெழுத்துதான், உங்கள் திரையிலும் அடங்கும்.

சைலம் என்ற சொல்லும் எதற்கு? அகக்காழ் (உள்ளே வைரம்) உள்ளது மரம், புறக்காழ் (வெளியே வைரம்) உள்ளது புல் என்று தொல்காப்பியர் மரபியலில் பிரித்துக் காட்டியிருக்கிறார். காழ் என்று எழுதலாமே.

பழங்காநத்தம்:

ஐயா, உலவைக்கு காத்துன்னும் ஒரு பொருள் இருக்கே. உலவை நோய்னா காத்துல பரவற நோய்னு எடுத்துக்குவாங்க, மண்ணுல இருக்கற நோய்க்கு காத்துன்னு பேரு வச்ச கதை ஆயிரும். என் ஓட்டு 'நுனிமடிவு'க்கு.

கூடல்நகர், சொந்த ஊர் யாழ்ப்பாணம்:

ஐயா சொன்ன காழ் எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில கனகாலமா இருக்கு. சைலம் எண்டா காழ், சாப்பாடு கொண்டுபோற புளோயம் எண்டா உரியம், பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனா அதே புத்தகத்தில பூஞ்சாணத்துக்குப் பங்கசு எண்டுதான் படிச்சனாங்கள், அதுவும் ஒருத்தருக்கும் விளங்காமல் போகேல்ல. ரெண்டும் ஒரே பக்கத்தில இருந்ததை நான் பார்த்திருக்கிறன். அதால தூயதமிழ் எண்டா விளங்காது, கலந்தா தான் விளங்கும் எண்டு சிலர் சொல்லுறதை நான் ஏற்கமாட்டன். படிப்பிச்சா எதுவும் விளங்கும். அந்தப் பிள்ளையள் முதல் தரம் கேக்கிற சொல்லு எதுவோ அதுதான் அவைக்குத் தமிழ்.

உசிலம்பட்டி பக்கம், மல்லி விவசாயி:

படிச்சவங்க பேசறதுக்கு நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எங்க ஊர்ல இதுக்கு பேரு ஏற்கனவே இருக்கு. மரம் பட்டுப்போச்சு, கொப்பு பட்டுப்போச்சு. கரிஞ்சு போச்சுன்னா வெயில் இல்லாட்டி தீ, அழுகிப் போச்சுன்னா தண்ணி தேங்குனது, பட்டுப்போச்சுன்னா உள்ளுக்குள்ள உயிர் போயிருச்சுன்னு அர்த்தம். மல்லியில இதை நல்லாவே பாத்துருக்கோம். மேல இலை மஞ்சளாகி தொங்கும், தண்ணி காணலையோன்னு தண்ணிய விடுவோம், அது இன்னும் மோசமாகும். தூரைப் பைய தோண்டிப் பாத்தா மண்ணை ஒட்டுன தண்டுல வெள்ளை நூலா படர்ந்து, அதுல கடுகு மாதிரி உருண்டை உருண்டையா ஒட்டிக்கிட்டு இருக்கும், முதல்ல வெள்ளையா அப்புறம் பழுப்பா. அந்த உருண்டை ஒண்ணு மண்ணுல நின்னாலும் அடுத்த செடிக்கு வந்துரும். அதனால செடிய மண்ணோட அள்ளி வெளிய கொண்டுபோறோம், எருவுல டிரைக்கோடெர்மாங்கற நல்ல பூஞ்சாணம் கலந்து தூர்ல வைக்கறோம்.

ஒத்தக்கடை, பயிர் நோயியல் ஆசிரியர்:

அண்ணன் சொன்னது ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி, அது வேற பூஞ்சாணம், ஆனா சங்கதி ஒண்ணுதான், மண்ணுல முடிச்சா காத்துக்கிட்டு இருக்கறது. இங்க இன்னொரு சேதி. மல்லியும் ஆலிவும் ஒரே குடும்பம், ஓலியேசி. 2013ல புவிசார் குறியீடு வாங்குன மதுரை மல்லிக்கு ஸ்பெயின் ஆலிவ் ஒருவகையில பங்காளி முறை. அந்தப் பையனுங்களுக்கு ஆலிவ் தெரியாது, மல்லிச் செடி பட்டுப்போறது கட்டாயம் தெரியும்.

திருமங்கலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'படு' நல்ல வேர், மறுக்கவில்லை. படுஞாயிறு என்றால் மறையும் ஞாயிறு. போரில் மாண்டவனை 'பட்டான்' என்றே நடுகல்லில் பொறித்தார்கள். நம் பக்கத்துப் புலிமான்கோம்பைக் கல்லே சான்று. உயிர் போவதற்கு மரத்துக்கும் மறவனுக்கும் ஒரே வினையைச் சொன்ன மொழி இது.

பழங்காநத்தம்:

ஐயா, 2006ல கிடைச்ச புலிமான்கோம்பை கல்லுல பட்டான்னு வரல, 'ஆகோள்'னுதான், அதாவது மாடு கவர்றதுன்னுதான் வருது. பட்டான்னு வர்றது காலத்தால பிந்தின செங்கம் நடுகல்லுங்கள்ல. அது கிடக்கட்டும், பட்டுப்போறதை பெயர்ச்சொல்லா எப்படி ஆக்கறது? 'கொப்புப்பட்டு'ன்னா புடவைக்கடை ஞாபகம் வருது. 'கொப்புப்படல்'னா வேலிப்படல். 'நுனிப்பாடு'ன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது.

உசிலம்பட்டி பக்கம், மல்லி விவசாயி:

அப்ப 'கொப்புக்காய்ச்சல்'னு வைங்க. காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விடுன்னு சொல்றோமே, அந்த காயவிடற காய்ச்சல். விவசாயி யாரும் அதை ஜுரம்னு எடுத்துக்க மாட்டான்.

கூடல்நகர்:

விவசாயி எடுக்கமாட்டார் அண்ணை, ஆனா டிப்ளமோப் பிள்ளை பரீட்சையில கட்டாயம் ஃபீவர் எண்டு எழுதும்.

அண்ணாநகர், மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாளைக்கு ஃபைல் போகணும், அதனால யோசிச்சுப் பாத்தேன், இருக்கறதுல நுனிமடிவுதான் ஒத்து வருது. மடியறதுன்னா சாவும் ஆச்சு, மடங்கறதும் ஆச்சு, படத்துல குளிர் முடியற நேரத்துல சட்டுனு காயற கொப்புல இலை உள்பக்கமா சுருண்டு, உதிராம அப்படியே தொங்கறதைக் காட்டறாங்க, அதுக்கும் பொருந்துது. ஒத்தக்கடை சார் சொன்ன கவலை எனக்கு நல்லா உறைச்சிருச்சு, அதனால முதல் தடவை வர்ற இடத்துல 'வேர்நோயால் வரும் நுனிமடிவு'ன்னு முழுசா போட்டுட்டு அப்புறம் 'நுனிமடிவு'ன்னு போறேன். ஸ்பெயின் விவசாயி ஒருத்தர் தோப்புல நின்னு பேசற இடத்துல மட்டும் உசிலம்பட்டி அண்ணன் சொன்னபடி 'மரம் பட்டுப்போச்சு'ன்னே வைக்கறேன், அவர் வாய்ல நுனிமடிவுன்னு வந்தா ஒட்டாது. ஆலிவ், சைலம் ரெண்டும் அப்படியே இருக்கட்டும், பாடப்புத்தகத்துல பழகுன சொல். பூஞ்சாணமும் அப்படித்தான்.

ஒத்தக்கடை, பயிர் நோயியல் ஆசிரியர்:

முதல் தடவை மட்டும் பத்தாது தம்பி. மருந்து, ஷீட் விரிக்கறது பத்தி வர்ற பகுதியிலயும் 'வேர்நோயால்'ங்கறதை ஒருக்கா போடுங்க. நுனின்னு ஆரம்பிக்கற எந்தச் சொல்லுக்கும் நான் முழு மனசோட சரின்னு சொல்ல மாட்டேன், பையனோட கண்ணு மேலதான் போகும். வேற நல்ல சொல் இப்ப கையில இல்லைங்கறதால விடறேன்.

உசிலம்பட்டி பக்கம், மல்லி விவசாயி:

விவசாயி வாய்லயாவது பட்டுப்போச்சே. சந்தோஷம்.

திருமங்கலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நுனிமடிவுக்கு நான் உடன்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். காற்று என்ற பொருள் உலவைக்கு எப்படி வந்தது என்பதையும், வற்றிய கொம்பு என்ற பொருளே ஏன் இங்கே கொள்ளத்தக்கது என்பதையும் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.