எடை நின்றுபோன பதினோரு வாரம்: உங்களுக்கு எப்படி அசைந்தது?

கோவை அம்மிணி:

எனக்கு 43 வயது. போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு எடையைக் குறைக்க ஆரம்பித்தேன், அப்போது 84 கிலோ. காலையில் ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று, அதாவது ஐந்து கிலோமீட்டர். மதியம் அளந்து சாதம், ராத்திரி இரண்டு சப்பாத்தி. முதல் மாதமே நாலரை கிலோ இறங்கியது. அதில் பெரும்பங்கு தண்ணீர் என்று அப்போது தெரியாது. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரைந்தால் நீரும் போய்விடும். சித்திரை முடிவதற்குள் 76. அங்கேயே நின்றது. 76.2, 75.8, 76.4, மறுபடி 76.

அந்தப் பதினோரு வாரத்தில் நான் ஆடாத கூத்தில்லை. வெந்நீரில் தேனும் எலுமிச்சையும். "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று அத்தை தினமும் கொள்ளு ரசம் வைத்தார். ருசிக்குக் குறையில்லை, எடைதான் அசையவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினால் மறுநாள் பதினோரு மணிக்கு கேன்டீன் பஜ்ஜி ஆளைத் தூக்கிவிடும். நடையை மூன்று சுற்றாக்கினேன், முட்டிவலி வந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் ஒரு டயட்டீஷியனிடம் போனேன். "பத்து நாளைக்கு வாயில் போனதையெல்லாம் எழுதிக்கொண்டு வாங்க, உப்புப் பார்த்தது உட்பட" என்றார். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். எழுத எழுத வெட்கமாகிவிட்டது. அரிசிம்பருப்பு சாதம் உப்புப் பார்த்தது, ஒரு கரண்டி. மகன் தட்டில் மீந்த அரைத் தோசை. பக்கத்து சீட் அக்கா நீட்டிய கடலை மிட்டாய். மூன்று காபி, மூன்றிலும் சர்க்கரை. இதையெல்லாம் நான் 'சாப்பிட்டதாக' நினைத்ததே இல்லை.

ஆனால் உண்மையான திருடன் டம்ளர். எனக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் சாதம் வைப்பேன், ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரால் அரிசி அளந்து. குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போன இடத்தில் அது தொலைந்துவிட்டது. அத்தை இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார், பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தது. கிச்சன் தராசு வாங்கிய அன்று தொலைந்ததன் செட்டில் பரணில் கிடந்த இன்னொரு டம்ளரையும் இறக்கி இரண்டையும் எடை போட்டேன். பழையதில் 60 கிராம் அரிசி, புதியதில் 90. நாளுக்கு நூறு கலோரி அதிலேயே ஏறியிருக்கிறது. எட்டு கிலோ குறைந்த உடம்புக்குத் தேவையும் நூறு கலோரிக்கு மேல் குறைந்திருக்கும் என்றார் டயட்டீஷியன்; இளைத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்க முன்னளவு சக்தி வேண்டாமாம். எண்ணெய்க் கணக்கும் கேட்டார். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர். ஆளுக்கு அரை லிட்டர் போதும் என்றார்.

நான் முகம் வாடியதைப் பார்த்து அவர் சொன்னது: 1992-இல் அமெரிக்காவில், குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்றவர்களைச் சோதித்திருக்கிறார்கள். சொன்ன அளவைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சாப்பிட்டிருந்தார்களாம். யாரும் பொய் சொல்லவில்லை, கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, மாற்றியது என்ன? பழைய டம்ளர். எண்ணெய் இரண்டரை லிட்டர் (இரண்டுக்குக் கொண்டுவர வீட்டில் சண்டை நடக்கிறது). காலையில் இரண்டு முட்டை. வாரம் மூன்று நாள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பயிற்சி, உட்கார்ந்து எழுவது. முதல் இரண்டு வாரம் எடை 600 கிராம் ஏறியது! புதுப் பயிற்சியில் தசை நீர் பிடிக்குமாம். தெரியாமல் இருந்திருந்தால் அன்றே விட்டிருப்பேன். மூன்றாவது வாரம் 75.1. தீபாவளிக்கு 72.

ஓசூர் நைட் ஷிப்ட்:

அக்கா, எனக்கு 88-இல் நின்றது, இரண்டு மாதம். ஆனால் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தது! டேப் வைத்துப் பார்த்தால் இடுப்பு 104 சென்டிமீட்டரிலிருந்து 98. ஜிம்மில் தசை ஏறி, கொழுப்பு இறங்கியிருக்கிறது. நம் ஊர் ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், அதனால் இப்போது தராசைவிட டேப்பைத்தான் நம்புகிறேன். இன்னொன்று, நைட் ஷிப்ட் வாரத்தில் தூக்கம் நாலு மணிநேரம், சர்க்கரை டீ ஆறு. பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டித் தூங்கத் தொடங்கிய பிறகு டீ தானாக மூன்றாகிவிட்டது.

மாத்திரைக்காரி:

எனக்கு தைராய்டு. டெஸ்டில் டி.எஸ்.எச். அதிகம், அதாவது தைராய்டு மந்தம் என்று தெரிந்ததும், அப்பாடா, குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நிம்மதியாகிவிட்டது. மாத்திரை தொடங்கினால் கிலோ கிலோவாகக் கொட்டும் என்று நினைத்தேன். இறங்கியது இரண்டு கிலோ, அதுவும் பெரும்பாலும் நீர் என்றார் டாக்டர். அசதி போனது, நடக்கத் தெம்பு வந்தது, அது பெரிய விஷயம். மீதி எடைக்கு நானும் நோட்டுதான் போட்டேன். டெஸ்ட் எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள், ஆனால் பழி முழுவதையும் தைராய்டு மேல் போடாதீர்கள். அம்மிணி, அந்தப் பெரிய டம்ளரை என்ன செய்தீர்கள்?

கோவை அம்மிணி:

அத்தை அதில்தான் இப்போது காபி குடிக்கிறார். எனக்கும் அதிலேயே ஊற்றித் தருகிறார்.