"எனக்குக் கோபம் வந்துவிடும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்

எங்கள் சிகிச்சைக் குழுவில் எட்டுப் பேர். முதல் நான்கு வாரமும் நான் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: "எனக்குத் திடீர்னு கோபம் வந்துடும்." எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். ஆறுதலாக இருந்தது. வீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை.

ஐந்தாவது வாரம், எதிரில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "மேலதிகாரி திட்டும்போதும் வருமா தம்பி?"

"வரும். அடக்கிக்குவேன்."

"பையன் தண்ணியைக் கொட்டினா?"

வாயடைத்துப் போனேன். யாரும் பேசவில்லை. ஆலோசகரும் அந்த அமைதியைக் கலைக்கவில்லை. அவர் சமாதானமாக ஏதாவது சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து நானே சொன்னேன்: "அவன் திருப்பிக் கேட்க மாட்டான். அதனாலதான் கத்துறேன்."

அதுவரை கோபம்தான் வந்தது, கோபம்தான் போனது. கத்தியது நான் என்று அன்றுதான் என் வாக்கியத்தில் வந்தது. பிரச்சினை மனிதர்களின் பேச்சில் உருவாகிறது, பேச்சிலேயே கரைகிறது என்று குடும்ப சிகிச்சையாளர்களான ஹார்லீன் ஆண்டர்சனும் ஹாரோல்ட் கூலிஷியனும் 1988-இல் எழுதியதைப் பிறகு படித்தேன். முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். என் பையன் பட்ட பயம் வெறும் பேச்சில்லை. ஆனால் நான் மாறத் தொடங்கியது அந்தத் தண்ணீர்க் கேள்வியில்தான்.

* * *

நீங்கள் எழுதியதைப் படித்தேன் அண்ணா. எனக்கு என் குழுவில் நேர்மாறாக நடந்தது. "நான் ஒரு பயந்தாங்கொள்ளி" என்று சொல்லித்தான் குழுவில் அறிமுகமானேன். மைக்கேல் வைட், டேவிட் எப்ஸ்டன் என்ற இரண்டு சிகிச்சையாளர்கள் உருவாக்கிய முறையில் பேசுபவர் எங்கள் ஆலோசகர். ஆள் வேறு, பிரச்சினை வேறு என்று பிரித்துப் பேசும் முறை அது. "அந்தப் பயம் எப்போது உங்களைத் தேடி வருகிறது?" என்று கேட்டார். அப்புறம் குழுவில் எல்லோருமே, "இந்த வாரம் அது வந்துச்சா?" என்றுதான் என்னை விசாரிப்பார்கள். அப்படிக் கேட்கக் கேட்கத்தான், அது வராத நாட்களும் இருப்பது எனக்குத் தெரிந்தது. முதல் தடவை எண்ணியபோது ஏழில் மூன்று நாள்!

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னீர்களா?

* * *

கடைசி அமர்வில் சொன்னேன் தங்கச்சி. அப்படிக் கேட்டதே அவருக்கு நினைவில்லை.